மத்தளத் தட்டும் பதினாயிரம் ஓமும்

1939 பிப்ரவரி 2, வியாழக்கிழமை. காலை மூன்றே முக்காலுக்கு எழுந்தேன். கிணற்றில் நான்கு வாளி இறைத்துக் குளித்தேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். அது வியாழன்தோறும் கொடுப்பது. காப்பி ஒரு டம்ளர், சர்க்கரை குறைவாக. நாலரைக்கு மில் லாரி வாசலுக்கு வந்தது. ஆம்ப்ளிஃபயரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்குச் சிங்காநல்லூர் மில் காம்பவுண்டில் கல்யாணப் பந்தலை அடைந்தேன். பனி இருந்தது.

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. அதற்குக் கீழே அரைப் பக்கம் வெற்றாகக் கிடக்கிறது. பத்தொன்பது வருஷக் குறிப்புகளில் நான் வெற்றாக விட்ட இடம் அது ஒன்றுதான். அதை இப்போது நிரப்புகிறேன்.

அப்போது எனக்கு வயது நாற்பத்து நான்கு. அந்த மில்லில் மின்சார மேஸ்திரி. பைகாரா கரண்ட் வந்ததிலிருந்து மோட்டார்களும் ஸ்விட்சுகளும் என் பொறுப்பு. அதற்கு முன்னால் நீராவி எஞ்சின். இரண்டு காலத்திலும் பஞ்சுத் தூசி மட்டும் மாறவில்லை. மார்கழியில் தொடங்கும் இருமல் பங்குனி வரைக்கும் நிற்காது. கைக்குட்டையில் துப்பினால் அதில் நூல் இருக்கும். டவுனில் முதலாளி ஒரு டாக்கி கொட்டகை கட்டிக்கொண்டிருந்தார். அதன் ஒலி அறைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த அறையின் வரைபடத்தை நான் பார்த்திருந்தேன். கிழக்கே ஒரு ஜன்னல், சிமெண்டுத் தரை, தூசி உள்ளே வர வழியில்லை. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று முதலாளியிடம் வாய்விட்டே கேட்டேன். அவரிடம் நான் கேட்ட முதல் காரியம் அதுதான்.

"மூத்த பொண்ணு கலியாணத்துக்கு மைக் செட்டு நீங்களே வைங்க மேஸ்திரி," என்றார். "நாலு பேரு கேட்டுப் பாக்கட்டும். நல்லா இருந்துதுன்னா கொட்டாயும் உங்குளுக்குத்தான்."

நியாயமான பேச்சு போலத்தான் இருந்தது. அந்த நாலு பேரில் முதல் ஆள் தன் மைத்துனர்தான் என்று அவர் சொல்லவில்லை.

மைத்துனர் சென்னையில் எட்டு மாதம் இருந்துவிட்டு ஒரு கழுத்துப் பட்டியோடும் ஒரு விலைப் பட்டியல் புத்தகத்தோடும் திரும்பியவர். தன்னை சவுண்டு எஞ்சினியர் என்று சொல்லிக்கொள்வார். கொட்டகைக்குச் சென்னையிலிருந்து பெரிய செட்டும், அதை இயக்க அங்கிருந்தே ஓர் ஆளும் வரவழைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நான் செய்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியை முதல் தடவை பார்த்தபோது, அந்தியூர்ச் சந்தையில் குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பவர் போலக் குனிந்து வால்வுகளை எண்ணினார். மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை.

"அஞ்சுதானுங்களா?" என்றார்.

"அஞ்சு போதுமுங்க."

"மெட்ராஸ் செட்டுல ஒம்பதுங்க."

ஒன்பதும் எதற்கு என்று கேட்டேன். ஒன்பது இருப்பதால்தான் அது ஒன்பது வால்வு செட் என்றார். இப்படிப்பட்டவர்களோடு வாதம் செய்யக் கூடாது என்று அன்றைய குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாளிக்கும் ஒலியைப் பற்றி ஒரே ஒரு அளவுகோல்தான். எவ்வளவு தூரம் கேட்கிறது என்பது அது. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் அப்போது அதுதான் வழக்கமாகி வந்தது. ஒருவர் வீட்டுக் கல்யாணம் இரண்டு ஊருக்குக் கேட்டால், அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் மூன்று ஊருக்குக் கேட்க வேண்டும். அதற்காக ஒரு ஆளைச் சைக்கிளில் அனுப்புவார்கள். அவன் எந்த ஊர் எல்லையில் சத்தம் நிற்கிறதோ அங்கே இறங்கித் திரும்பி வந்து சொல்வான். என்ன கேட்டது என்று அவனை யாரும் கேட்பதில்லை.

நான் செய்ய நினைத்தது இதற்கு நேர் எதிரான காரியம். ஆம்ப்ளிஃபயர் சிறு ஒலியைப் பெரிதாக்கும் பெட்டி. பெரிதாக்கும்போது தன் பங்குக்குக் கொஞ்சம் பிழையும் சேர்க்கும். நாம் கேட்கும் கரகரப்பு அதுதான். லண்டனிலிருந்து தபாலில் வந்த பத்திரிகை ஒன்றில் இதற்கு ஒரு வைத்தியம் போட்டிருந்தது. வெளியே போகும் ஒலியில் ஒரு சிறு பங்கை ஒரு கம்பி வழியாகப் பின்னால் கொண்டுவந்து, தலைகீழாகத் திருப்பி, முதல் வால்வில் உள்ளே வரும் ஒலியோடு சேர்த்துவிட வேண்டும். அப்படிச் சேர்த்தால் பெட்டி தானாகக் கலந்த பிழையை அந்தத் தலைகீழ்ப் பங்கு எதிர்த்துக் கழித்துவிடும். சத்தம் குறையும், சொல் தெளியும். எவ்வளவு பங்கு திரும்ப வேண்டும் என்பதை அந்தக் கம்பியில் வைக்கும் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை, தீர்மானிக்கும். அதை அளப்பது ஓம் கணக்கில். அது பெரிதாக இருந்தால் கொஞ்சம்தான் திரும்பும். சிறிதாக இருந்தால் நிறையத் திரும்பும். அளவுக்கு மேல் திரும்பினால் பெட்டி தன் குரலைத் தானே கேட்டுக் கத்த ஆரம்பிக்கும் என்றும் கட்டுரையின் கடைசிப் பத்தியில் எச்சரித்திருந்தார்கள். கடைசிப் பத்தியையும் நான் படித்தேன். சிவப்பு மசியால் அடிக்கோடும் போட்டேன்.

ரெசிஸ்டன்ஸ் மூன்று வைத்திருந்தேன்: நாற்பதாயிரம் ஓம், இருபதாயிரம், பதினாயிரம். மூன்றும் ஒரு மூக்குப்பொடி டப்பாவில் இருந்தன. சோதனைக்கு ஒரு முறை வகுத்தேன். வீட்டு அறையில் உட்கார்ந்து ரயில் கால அட்டவணையிலிருந்து இருபது ஸ்டேஷன் பெயர்களை, வரிசையை மாற்றி, மைக்கில் வாசிப்பேன். குழாய் ஸ்பீக்கர் வாசலில் இருக்கும். என் மனைவி தெருக்கோடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, காதில் விழுந்ததைச் சிலேட்டில் எழுதுவாள். நாற்பதாயிரத்தில் பதின்மூன்று பெயர் சரியாக வந்தது. இருபதாயிரத்தில் பதினேழு. பதினாயிரத்தில் பத்தொன்பது. துடியலூர் ஒன்றுதான் தப்பியது. அதுவும் அந்த நேரத்தில் ஒரு வண்டி குறுக்கே போனதால் என்று அவள் சொன்னாள்.

இருபதாயிரத்தில் நிறுத்தியிருக்கலாம். பதினேழு எனக்குப் போதவில்லை. பதினாயிரத்தை வைத்து, ஈயத்தை உருக்கி சால்டர் செய்து மூடியைத் திருகினேன்.

பந்தலுக்கென்று முதலாளி வாங்கித் தந்த கம்பி இருநூறு அடி. தொழிற்சாலையில் எப்படிச் சுற்றினார்களோ அப்படியே, மூன்று இடத்தில் சணல் கட்டோடு இருந்தது. வீட்டுச் சோதனைக்கு முப்பது அடி போதும் என்று பழைய துண்டு ஒன்றைப் பயன்படுத்தினேன். ஒழுங்காகச் சுற்றிய சுருளைக் கலைக்க எனக்குப் பிடிக்காது. குழாய்களும் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துப் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு முந்திய நாள் மாலை பந்தலில் ஒத்திகை பார்த்தோம். கம்பி முழுவதையும் அன்றுதான் அவிழ்த்தேன். ஒரு குழாயைக் காம்பவுண்டு வாசல் தென்னையிலும், மற்றதைத் தண்ணீர்த் தொட்டி மேலும் கட்டினோம். மைக்கில் பேச நாவிதர் வந்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி ஏறியதும் மணமக்களுக்கு வாழ்த்துச் சொல்வது அவர் உரிமை. நீண்ட வாழ்த்து, அடி அடியாகச் சொல்லிக்கொண்டு போவது. ஒவ்வொரு அடி முடியும்போதும் பக்கத்தில் நிற்பவர் மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். தட்டு விழுந்தால்தான் அடுத்த அடி. இது எனக்குத் தெரியாதது அல்ல. என் கல்யாணத்திலும் தட்டினார்கள்.

அந்த நாவிதருக்கு என் வயதுதான் இருக்கும். மெல்லிய குரல், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழும். நான்கு அடி சொன்னார். வாசலில் நின்று கேட்டேன். சுத்தமாக இருந்தது. அந்த ஐந்து நிமிஷமும் என் மனதில் கிழக்கு ஜன்னல்தான் இருந்தது.

அவர் மைக்கை விட்டு விலகி வந்து, "ஏனுங்க மேஸ்திரி, ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றார்.

"சொல்லுங்க."

"நான் நிறுத்துன பொறவும் அது நிறுத்த மாட்டீங்குதுங்க. நுனியில சின்னதா ஒரு வாலு நிக்குதுங்க."

"என்ன வாலு?"

"கீச்சுன்னு. கடுசாச் சொல்ற சொல்லுக்கெல்லாம் வருதுங்க. மெல்லமாச் சொன்னா வரலீங்க."

மைக்கும் குழாயும் ஒன்றையொன்று பார்த்து நின்றால் ஊளை வரும். மைக் செட் வைத்த யாருக்கும் தெரிந்த விஷயம். அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பேசுகிறார், அதனால் வருகிறது என்று முடிவு செய்தேன். "நீங்க நேரா நில்லுங்க, மூஞ்சியத் திருப்பாதீங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்," என்றேன். சவரக் கத்தி பிடிக்கிறவர் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டார் என்றும் நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாதது மரியாதையால் அல்ல. சொல்லி விளங்கவைக்கும் அளவுக்கு அவரை நான் மதிக்கவில்லை.

"சரிங்க," என்று போய்விட்டார். அன்றைக்கு மத்தளக்காரர் வரவில்லை. அவரை வரச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. பெட்டியை வீட்டுக்கே எடுத்துப் போனேன். கல்யாண வீட்டில் விட்டுவைத்தால் யாராவது அதன் மேல் தாம்பூலத் தட்டு வைப்பார்கள்.

இனி வியாழக்கிழமை. ஏழரைக்கு முகூர்த்தம். பந்தலில் ஆட்கள் உட்கார இடமில்லை. ரோட்டோரம் வண்டிகள் நின்றன. முதலாளி பட்டு அங்கவஸ்திரத்தை இரண்டு தோளிலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். மைத்துனர் கழுத்துப் பட்டியோடு என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ஒரு சாவு வீட்டுக்கு முன்கூட்டியே வந்துவிட்டவர் மாதிரி. முதலாளி வந்து காதைச் சாய்த்தார். அப்போது மைக்கில் ஓடியது நாதஸ்வரம் மட்டும்; தவில் எட்டத் தள்ளி இருந்தது.

"மேஸ்திரி, சத்தம் பத்தாதுங்களே."

"சொல்லு தெளிவா இருக்குமுங்க. வாழ்த்து ஆரம்பிச்சாத் தெரியும்."

"ரோட்டுல கேக்குமுங்களா?"

"ரோட்டுல ஒவ்வொரு எழுத்தும் கேக்குமுங்க."

"எழுத்து கெடக்குதுங்க," என்றார் மைத்துனர். "போன மாசம் ஒரு கலியாணத்துல ஒண்டிப்புதூருக்குக் கேட்டுச்சு."

தாலி ஏறியது. சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் கையைக் காட்டினார். நாவிதர் மைக்குக்கு நேராக, நான் சொன்னபடியே முகத்தைத் திருப்பாமல், கட்டை போல நின்று முதல் அடியைச் சொன்னார். அதைப் பற்றி இன்றைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீர்த் தொட்டி மேலிருந்த குழாயில் அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பந்தலில் இரண்டு மூன்று பேர் அண்ணாந்து பார்த்தார்கள்.

மத்தளக்காரர் தட்டினார்.

இரண்டு குழாய்களும் கத்தின. கீச்சென்று ஒரு கத்தல், ஊசியால் காதைக் குத்துவது மாதிரி. இரண்டு விநாடி நீடித்து, மெலிந்து, அடங்கியது. மணப்பெண் காதைப் பொத்தினாள். ஒரு வண்டி மாடு ரோட்டில் மிரண்டது.

நாவிதர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் அடியைச் சொன்னார், சுத்தமாக. மத்தளம். மறுபடியும் கத்தல். இப்போது பந்தலின் பின்வரிசையில் சிரித்தார்கள். மூன்றாம் அடி முடியும்போது, தட்டுக்கு முன்பே பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். கத்தல் வந்ததும் ஒருவர், "அக்கா, குழாயிக்குப் பிரசவ வலியாக்கு," என்றார். பந்தல் முழுக்கச் சிரிப்பு.

எனக்கு அந்த நேரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. இருநூறு அடிக் கம்பியும் இரண்டு குழாய்களும் சேர்ந்ததும் பெட்டிக்குப் பாரம் மாறிவிட்டது. திரும்பி வரும் பங்கு வழியில் தாமதித்து வருகிறது. தாமதித்து வருவதால் எதிர்க்க வேண்டியது துணைக்கு நிற்கிறது. பேச்சுக்கு ஒரு நுனி வால். மத்தளத்தின் திடீர் அடிக்கு முழுக் கத்தல். சிவப்பு மசியில் நான் அடிக்கோடிட்ட அதே பத்தி. இருபதாயிரம் ஓம் வைத்திருந்தால் வந்திருக்காது. அது மூக்குப்பொடி டப்பாவில், டப்பா என் வீட்டு அலமாரியின் இரண்டாம் தட்டில், துடைத்து வைத்தபடி இருந்தது.

"என்னுங்க இது?" என்றார் முதலாளி. மேசைக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"நான் அப்பவே சொன்னனுங்க மாமா," என்றார் மைத்துனர். அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"மத்தளத்த நிறுத்தச் சொல்லுங்க," என்றேன்.

"மத்தளம் இல்லாம எப்புடிங்க வாழ்த்து?"

அது சரியான கேள்வி. அவர் அன்றைக்குக் கேட்ட ஒரே சரியான கேள்வியும் அதுதான். நான்காம் அடி ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து, கட்டிங் பிளேயரை எடுத்து, ஒலியைப் பின்னால் திருப்பும் அந்தக் கம்பியை வெட்டினேன். ஆறு வாரம் வேலை செய்து பொருத்திய கம்பி அது.

அந்தக் கம்பிதான் அதுவரை சத்தத்தைக் கட்டிப் பிடித்து வைத்திருந்தது. வெட்டிய உடனே பெட்டி நாலைந்து மடங்கு உறுமியது. நாவிதரின் குரல் பீப்பாய்க்குள் உருளும் ஜல்லியாக வெளியே வந்தது. மத்தளத் தட்டு பீரங்கியாக வெடித்தது. ஆனால் கீச்சு இல்லை. சத்தத்தைக் குறைக்க நான் திருகு குமிழுக்குக் கையை நீட்டினேன். முதலாளி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புடியே உடுங்க."

"கரகரங்குதுங்க. ஒரு சொல்லும் வெளங்காது. சித்தக் கொறைச்சாத்தான்..."

"உடுங்கன்னா. இப்பத்தான் கலியாண ஊடு மாதிரி இருக்குது."

கையை விடவில்லை. வாழ்த்து முடியும் வரைக்கும், மோதிரங்கள் என் எலும்பில் பதியப் பிடித்துக்கொண்டே, பந்தலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். ஜனங்களும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். குழாய்க்குப் பிரசவ வலி என்று சொன்னவர் தலையை ஆட்டி ரசித்தார். இரைச்சலை இவ்வளவு பக்தியோடு கேட்பவர்களை நான் பார்த்ததில்லை.

முதலாளி சைக்கிளில் அனுப்பியிருந்த மில் வாட்சுமேன் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான்.

"ஒண்டிப்புதூர் தாண்டியும் கேக்குதுங்க எசமான்."

"என்ன கேட்டுச்சு?" என்று நான் கேட்டேன்.

அவன் யோசித்தான். "சத்தம் கேட்டுச்சுங்க."

"என்ன சத்தம்?"

"நம்மூட்டுச் சத்தந்தானுங்க." இந்த மேஸ்திரிக்கு என்ன வந்தது என்பது போல என்னைப் பார்த்தான். முதலாளி அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பத்து மணிக்குப் பந்தியில் உட்கார்ந்தேன். மூன்றாம் வரிசை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்துக்குப் போனபோது நாவிதர் அங்கே மத்தளக்காரரோடு நின்றிருந்தார். தொண்டை கட்டிப் போயிருந்தது. குழாய் உறுமுவதற்கு மேல் கேட்க வேண்டுமென்று அவரும் கத்தியிருக்கிறார்.

"மைக்கு முன்னால நின்னுட்டு எதுக்குங்க கத்துனீங்க?" என்றேன்.

"என்னோட சொல்லு எனக்கே கேக்கலீங்க. எங்க நிக்கறேன், எத்தனாவது அடியின்னு புடிபடலை. இவன் தட்டறது மட்டும் தெரிஞ்சுது." மத்தளக்காரரைக் காட்டினார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நடுவுல ஒம்பது அடி உட்டுப்போட்டனுங்க," என்றார்.

"உட்டுட்டீங்களா?"

"பெரிய தப்புங்க அது. எங்கப்பன் காலத்துல ஒரு அடி உட்டாலும் பந்தல்ல நாலு பெரியவங்க எந்திரிச்சு நிப்பாங்க. மொதல்லருந்து சொல்லச் சொல்லுவாங்க. இன்னைக்கு ஒருத்தரும் கண்டுக்கலீங்க."

மத்தளக்காரர், "நான் தட்டுனனே, எனக்கே தெரியலீங்க," என்று சிரித்தார்.

எனக்கும் தெரியவில்லை. மேசைக்கு அருகில், பெட்டிக்கு நேர் முன்னால், மணிக்கட்டைக் கொடுத்துவிட்டு நின்றேன். சொல் தெளிவு என்று ஆறு வாரம் பேசியவன். ஒன்பது அடி போனதை நானும் கவனிக்கவில்லை. முதலாளி, மைத்துனர், வாட்சுமேன், பந்தலில் தலையாட்டியவர் எல்லோரையும் நான் எந்த வரிசையில் வைத்திருந்தேனோ, அதில் என்னையும் உட்கார வைக்க வேண்டியிருந்தது. எந்த இடம் என்றும் யோசித்தேன். மைத்துனருக்கு அடுத்த இடம். அவராவது சத்தம்தான் வேண்டும் என்று சொல்லிக் கேட்டவர்.

"நேத்து நீங்க சொன்ன வாலுதானுங்க அது," என்றேன்.

"ஆமாங்க," என்றார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு ராகு காலம் கழிந்ததும் முதலாளி கூப்பிட்டனுப்பினார். கட்டிலில் சாய்ந்திருந்தார். மைத்துனர் ஜன்னலோரம்.

"மேஸ்திரி, கொட்டாய் உங்குளுக்குத்தானுங்க. திங்கக்கெழமை டவுனுக்குப் போயி அந்த ரூமப் பாத்துக்குங்க. மொதல்ல என்னமோ கீச்சு கீச்சுன்னு சொதப்புனீங்க. அப்பறமேட்டு ஒரு போடு போட்டீங்க பாருங்க, அது சத்தம். அதே மாதிரி வைக்கோணும்."

"கம்பிய வெட்டச் சொன்னதே நாந்தானுங்க மாமா," என்றார் மைத்துனர்.

அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே அப்படி நம்புகிறார் என்று தெரிந்தது. பொய் சொல்லும் அளவுக்குக்கூட அந்த ஆளிடம் முயற்சி கிடையாது.

நான் சொல்லியிருக்க வேண்டியது: அது சத்தம் அல்ல, பழுது, உங்கள் பெண்ணுக்குச் சொன்ன வாழ்த்தில் ஒன்பது அடி போய்விட்டது, அதை இந்த வீட்டில் யாரும் அறியவில்லை, அந்த மாதிரிக் கொட்டகையில் வேலை பார்ப்பதைவிடப் பஞ்சுத் தூசி மேல். இதை அதே வரிசையில் மனதுக்குள் அடுக்கினேன். அடுக்கி முடிக்கும்போது ஒரு இருமல் வந்தது. கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தேன்.

"சரிங்க," என்றேன்.

எவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். கிழக்கு ஜன்னல் எனக்குக் கிடைத்துவிட்டது, நான் வெறுத்த சத்தத்துக்காக. குழாய்களையும் கம்பியையும் கொட்டகை வேலைக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி சொன்னார். லாரியில் ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்கு வீடு வந்தேன். மனைவி எப்படி இருந்தது என்று கேட்டாள். வேலை கிடைத்தது என்றேன். அவள் கேட்டது அது அல்ல என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நாட்குறிப்பை எடுத்து, காலை ஐந்து மணி வரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பல் துலக்கும் முன் செய்த முதல் காரியம் கம்பிச் சுருளை எடுத்தது. லாரியில் வரும்போதே மறுபடி ஒழுங்காகச் சுற்றி மூன்று இடத்தில் சணல் கட்டியிருந்தேன். மூன்று கட்டையும் அறுத்து, இருநூறு அடியையும் வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும், கிணற்றைச் சுற்றி மறுபடி வாசல் வரைக்கும் தரையில் பரப்பினேன். இரண்டு குழாய்களையும் மாட்டினேன். சால்டர் இரும்பை அடுப்பில் வைத்து, வெட்டிய கம்பியை ஒட்டி, பதினாயிரத்தை எடுத்துவிட்டு இருபதாயிரத்தை வைத்தேன். மைக்குக்கு ஒரு முழம் தள்ளித் தாம்பாளத்தைப் பிடித்து, கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினேன்.

டங் என்று தெரு முழுக்கக் கேட்டது. கேட்டு, நின்றது. வால் இல்லை.

மனைவி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே கதவருகில் வந்து நின்றாள். "ஏனுங்க, கலியாணம் நேத்தே முடிஞ்சுபோச்சுங்க," என்றாள்.

"சிலேட்ட எடுத்துட்டுத் தெருக்கோடிக்குப் போ," என்றேன். அவள் சிலேட்டோடு முக்காலியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போய் உட்காரும் வரை இருந்த நேரத்தில், பெட்டிக்குள் நான் வெட்டி ஒட்டிய கம்பியின் நடுவில் ஒரு ஸ்விட்சை வைத்தேன். ஒரு பக்கம் தள்ளினால் கம்பி சேரும், மறுபக்கம் தள்ளினால் துண்டாகும். அடையாளம் இல்லாத ஸ்விட்சை என்னால் சகிக்க முடியாது. வெள்ளைப் பெயிண்டை எடுத்து, சேரும் பக்கத்தில் 'சொல்' என்று எழுதினேன். துண்டாகும் பக்கத்தில் 'முதலாளி' என்று எழுதினேன். பெயிண்ட் காய ஒரு மணி நேரம் ஆகும். ஸ்விட்சை 'சொல்' பக்கம் தள்ளிவிட்டு, கால அட்டவணையைத் திறந்து, காரமடையிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.